ஒரு கை தூரத்தில் ஜோஷ்னா

போன வாரம் அஜிதா டீச்சர் போனில் கூப்பிட்டாள். பாறசாலைக்குப் பக்கத்தில், மலையாளப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்குப் பிறகு அந்த வகுப்பை ஏற்றுக்கொண்டவள் அஜிதா.

“டீச்சரே, ஒரு பிள்ள வந்து சேந்திருக்கு. சந்தோசம் வந்தா அதுக்குத் தாங்க ஒக்காது. ஓடி வந்து எல்லாரையும் கெட்டிப் பிடிக்குது. மத்த பிள்ளியளு அதக் கண்டாலே ஓட்டமாக்கும். டிரெயினிங்குல முகம் வரைஞ்ச கார்டு தந்தாவ. சிரிக்கிற முகம், அழுற முகம், கோவப்படுற முகம். இது எல்லா கார்டுக்கும் உம்மா குடுத்துட்டுப் போவுது. நான் என்னத்தச் செய்ய?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் ஜோஷ்னாவின் கதை போனில் சொல்லி முடிகிற கதையா? எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “ரிட்டயர்டு ஆனது நீ மட்டுந்தான், ஒனக்க வாய் இன்னும் சர்வீஸ்ல உண்டு” என்றார். இருக்கட்டும். கேட்க நாலு பேர் இருக்கும்போதே பேசிவிடவேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெய்யாற்றின்கரையில் படித்தேன். ‘குழந்தையின் சமூக வளர்ச்சி’ என்று பரீட்சையில் கேட்டார்கள். பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். குழந்தையை மட்டும் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு மற்ற டீச்சர்கள் விடுப்பில் போன இடங்களில் வேலை. செங்கல் என்ற ஊரில் கொஞ்ச காலம், கடலோரம் கோட்டுகால் பக்கம் கொஞ்ச காலம். கோட்டுகாலில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் அவர்களுடைய அப்பாக்களும் அப்படித்தான், கடற்காற்றில் அடுத்த ஆளுக்குக் கேட்கவேண்டாமா? சத்தம் போடும் பிள்ளை அடங்காத பிள்ளை இல்லை என்பதை எனக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தரவில்லை, கோட்டுகால் சொல்லித்தந்தது.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டு எங்கள் பள்ளிக்கு பேபி டீச்சர் தலைமையாசிரியையாக வந்தார். என்னைவிட வயதில் இளையவர், மலையாளப் பிரிவிலிருந்து வந்தவர். இனி இவரிடம் போய் லீவு கேட்கணுமா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்தது. அது போனது அவர் பெற்றோரைச் சந்திக்கும் விதத்தைப் பார்த்துத்தான்.

யாராவது கோபமாக வந்தால் பேபி டீச்சர் தன் அறையில் அவர்களை உட்கார வைக்கமாட்டார். “வாங்கோ” என்று முன்னால் நடந்து நேராக ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போவார். அங்கே குட்டிப் பிள்ளைகளுக்கான குட்டி பெஞ்சுகள். தானும் அதில் உட்கார்ந்து அவர்களையும் உட்காரச் சொல்வார். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் சண்டை போடமுடியும்? அடுத்து சமையலறையிலிருந்து பால் விடாத கட்டன் சாயா வரும். “குடியுங்கோ, பின்னே பேசலாம்” என்பார். தன் சாயாவை மட்டும் ஊதி ஊதி, எல்லோருக்கும் கடைசியாகக் குடித்து முடிப்பார். அதற்குள் வந்தவரின் குரல் பாதியாகியிருக்கும். அதன் பிறகுதான் கேள்வி கேட்பார், அதுவும் ஒன்றே ஒன்று: “இப்போ என்னது நடக்கணும்?” என்ன நடந்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இனி ஜோஷ்னா.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், கொல்லம் பக்கம் போனால் சனிக்கிழமைதான் திரும்புவார். அம்மா ஷீபாவுக்குக் காரக்கோணத்தில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை. வீட்டில் ஒற்றைப் பிள்ளை. அதனாலோ என்னவோ, ஆளைக் கண்டால் அவளுக்குத் திருவிழாதான். காலையில் கேட்டில் நுழையும்போதே “எல்லாரும் வந்தாச்சா?” என்று கூவிக்கொண்டு வருவாள். பின்னால் வந்து கட்டிப்பிடித்துத் தூக்குவாள். யாராவது தெரியாமல் சிரித்துவிட்டால் அவர்கள் கையைப் பிடித்து இன்டர்வல் முடியும்வரை விடமாட்டாள். தன் தட்டிலுள்ள முட்டையைப் பிய்த்து, கேட்காதவர்கள் தட்டிலெல்லாம் போடுவாள். பிரார்த்தனைக்கு நடுவில் “டீச்சர், எங்க பூனைக்குக் கண்ணு தெறந்தாச்சு!” என்பாள். ஒருவரையும் வேண்டுமென்று அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனாலும் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. துரத்தினால் ஓடுகிறார்கள், அதனால் இது ஓடிப்பிடித்து விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகத் துரத்துவாள்.

ஓண லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று அது நடந்தது. அனகா என்று ஒரு பிள்ளை, வகுப்பிலேயே சத்தமில்லாதவள், குழாயில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கழித்து அவளைப் பார்த்த சந்தோஷத்தில் ஜோஷ்னா ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அனகாவின் வாய் குழாயில் இடித்தது. விழுந்தது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால்பல்தான், ஆனால் ரத்தம் ரத்தம்தானே. சட்டையெல்லாம் சிவப்பு.

மறுநாள் காலையில் அனகாவின் அம்மா ஸ்ரீகலா வந்தாள், கூடவே வேறு சில அம்மாக்களும். எல்லோரும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்தார்கள். பேபி டீச்சர் தன் கேள்வியைக் கேட்டார். ஸ்ரீகலாவின் குரல் பாதியாகவே இல்லை.

“ஒண்ணுல அந்தப் பிள்ள இருக்கணும், இல்லங்கி எனக்க பிள்ள இருக்கணும். அவ ராத்திரி தூக்கத்துல ‘வாறா வாறா’ன்னு அலறிக்கிட்டு எந்திரிக்கா. நான் அவளுக்க அம்மையாக்கும், பாத்துட்டு இருப்பேனா? அந்தப் பிள்ளைய மாத்துங்க, இல்ல எனக்க பிள்ளைக்க டி.சி. தாங்க.”

அன்று சாயங்காலமே ஷீபாவும் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“நான் இவள வேற எங்கயாவது சேத்துக்கிடுதேன் டீச்சரே. இவ அங்கன்வாடிக்குப் போன காலத்துல இருந்து மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன். கேட்டுக் கேட்டு எனக்க வாய் தேஞ்சு போச்சு. ஸ்கூள் கேட்டுப் பக்கம் வந்தா மத்த அம்மைமாரு பேச்ச நிறுத்துதாவ. இவளுக்கு ஒரு கூட்டுக்காரி கிட்டமாட்டா, எனக்குத் தெரியும்.”

வேறு பள்ளிக்கூடத்தில் மட்டும் கிடைப்பாளா? அங்கேயும் ஒரு குழாய் இருக்கும், அங்கேயும் ஒரு அனகா குனிந்து தண்ணீர் குடிப்பாள். பேபி டீச்சர் இரண்டு அம்மாக்களிடமும் ஒரே தவணை வாங்கினார்: கிறிஸ்மஸ் வரைக்கும். எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: “வசந்தா டீச்சரே, சந்தோஷம் ஒரு தீனமல்ல, நோயல்ல, கேட்டோ. அந்தக் குட்டிக்கு சினேகம் கூடுதல், பிரேக்கு கொறவு. நமக்கு பிரேக்கு வெச்சாப் போதும், எஞ்சின அழிக்காண்டாம்.”

பிரேக் வைத்த விதத்தைத்தான் அஜிதா கேட்கிறாள். சொல்கிறேன்.

ஜோஷ்னாவை என் முன்னால் நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனி என் தோளைத் தொடாத இடம் எதுவோ அதுதான் அவள் நிற்கும் இடம். அங்கே நின்று “வரட்டா?” என்று கேட்கவேண்டும். “வா” என்றால் போகலாம். “வேண்டாம்” என்றால் “செரி” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கவேண்டும். இவ்வளவுதான். கேட்க என்ன எளிது!

நிற்கக் கற்றுக்கொண்டாள். கேட்கவும் கற்றுக்கொண்டாள். அந்த “செரி” மட்டும் வாயில் வரவில்லை. முதல் தடவை நான் “வேண்டாம்” என்றபோது கேலி செய்கிறேன் என்று நினைத்து என்மேல் பாய்ந்து கண்ணாடியைத் தட்டிவிட்டாள். மறுபடியும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு “வேண்டாம்” என்றேன். ஜோஷ்னா ஏங்கி ஏங்கி அழுதாள்.

“டீச்சருக்கு என்னப் பிடிக்காதா?”

“பிடிக்கும் மக்களே. இப்ப வேண்டாம்னா எப்பவும் வேண்டாம்னு ஆகாது.”

இதை வாயால் சொன்னால் நம்ப அவள் என்ன முட்டாளா? நம்ப வைத்தவர் பேபி டீச்சர். வராந்தாவில் அவர் காகிதக் கட்டோடு நடந்துவரும்போது ஜோஷ்னா பாய்ந்து வருவாள், ஒரு கை தூரத்தில் செருப்பு கிறீச்சிட நிற்பாள். “வரட்டா?” தலைமையாசிரியை நின்று, நிஜமாகவே யோசித்து, “இப்ப வேண்டாம், கையில பேப்பர் உண்டு. சோறு உண்டிட்டு வா” என்பார். அதைச் சொன்னதோடு மறந்துவிடவும் மாட்டார். சாப்பாடு முடிந்ததும் தானே அவளைத் தேடிக்கொண்டு வகுப்புக்கு வந்து, “என்னடீ, நான் காத்து நிக்கேன்” என்று கையை விரிப்பார். மறுப்பவர் பிறகு தேடி வரவும் வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்காது. அதன் பிறகுதான் ஜோஷ்னாவின் வாயில் “செரி” வந்தது. பெருமூச்சோடு வரும், ஆனாலும் வந்தது.

இது பாதி வேலை. மீதிப் பாதி மற்றப் பிள்ளைகளிடம் இருந்தது. அவர்கள் “வேண்டாம்” என்று சொல்வதே இல்லை, ஓடத்தான் செய்வார்கள். ஆகவே வகுப்பு முழுக்க எழுந்து நின்று வாய் திறந்து “வேண்டாம்” சொல்லும் பயிற்சி நடந்தது. பக்கத்து மலையாளப் பிரிவு டீச்சர் எட்டிப் பார்த்து, “அவிட எந்தா சமரமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையிலேயே வேலைநிறுத்தக்காரர்கள் மாதிரிதான் கத்திக்கொண்டிருந்தோம்.

அனகாவுக்கு மட்டும் குரல் எழும்பவில்லை. உதடு அசையும், காற்றுதான் வரும். அவள் முன்னால் ஒரு கை தூரத்தில் ஜோஷ்னா. “வரட்டா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தவள் பொறுமை இழந்து தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

“கேக்கல்ல அனகா! வாயத் தொற! வயித்துல இருந்து சொல்லணும், பாத்துக்கோ, வேண்டா…ம்!”

அனகா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு “வேண்டாம்!” என்று அலறினாள். வகுப்பே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் ஜோஷ்னா. தட்டி முடித்த பிறகுதான் அந்த “வேண்டாம்” யாருக்கு என்று ஞாபகம் வந்தது. கையைத் தாழ்த்தினாள். “செரி” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, கரும்பலகையை அழிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தது பாய் சுருட்டுவது. கதை சொல்லும் நேரத்துக்கு வகுப்பில் நீளமான கோரைப்பாய்கள் விரிப்போம். முடிந்ததும் இரண்டு பேர் ஒரு முனையில் பக்கத்தில் பக்கத்தில் குந்தி, சேர்ந்து சுருட்டவேண்டும். ஒருவர் வேகமாகப் போனால் பாய் கோணிக்கொண்டு கோவில் ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிடும், பிரித்து மறுபடியும் முதலில் இருந்து சுருட்டவேண்டும். ஜோஷ்னா சுருட்டிய பாய்கள் ஒரு மாதம் ஒலிபெருக்கியாகவே நின்றன. முதலில் நான் அவளோடு குந்தினேன். என் முட்டி தாங்காமல் போனதும் சுபின் என்று ஒரு நிதானமான பையனை விட்டேன். அவன், “பைய, பைய” என்று மாட்டை ஓட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே சுருட்டுவான். சுபின் அம்மை போட்டு லீவு எடுத்தபோது, யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். அனகா எழுந்து நின்றாள். அவளுக்கு இப்போது “வேண்டாம்” என்ற சொல் கையில் இருந்தது, அந்தத் தைரியம்தான் என்று நினைக்கிறேன். “வரட்டா?” என்று கேட்ட ஜோஷ்னாவிடம், “வா. ஆனா கெட்டிப் பிடிக்காத” என்றாள்.

சுருட்டும்போது ஜோஷ்னா கேள்வி கேட்பாள். பதில் வருமுன் அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. ஒரு கேள்வி கேள், பாயை ஒரு சுருட்டு சுருட்டு, அதற்குள் பதில் வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படித்தான் ஒரு நாள் அனகாவிடமிருந்து ஒரு பதில் வந்தது. அவளுக்கு மீன் பிடிக்குமாம். வளர்க்க ஆசையாம். அம்மா சம்மதிக்கமாட்டாளாம்.

டிசம்பர் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ‘கிறிஸ்மஸ் ஃபிரண்ட்’ என்று ஒரு வழக்கம் உண்டு. இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை என்ற வித்தியாசம் கிடையாது. வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் பெயர் விழும். கேக் வெட்டும் நாளில் அவருக்கு ஒரு சின்னப் பரிசு கொடுக்கவேண்டும், அதுவரை யாருக்கு யார் என்று மூச்சு விடக்கூடாது. பெரிய வகுப்புகளில் சீட்டு எடுப்பார்கள். ஒன்றாம் வகுப்பில் நான் ஒவ்வொரு காதிலும் பெயரைச் சொல்வேன். சொல்வது நான் என்பதால் யாருக்கு யார் என்பதில் என் கைவரிசை உண்டு. ஜோஷ்னாவின் காதில் அனகாவின் பெயரைச் சொன்னேன்.

கேட்டதும் அந்தப் பிள்ளை நுனிக்காலில் எழும்பிவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னார்கள். இன்டர்வலில் என்னிடம் ஓடி வந்து, “டீச்சர், நெறஞ்சு போச்சு” என்றாள். குனிந்து காதைக் கொடுத்தேன். “அனகா, அனகா, அனகா” என்று கொட்டிவிட்டுப் போனாள். தினமும் இப்படிப் பல தடவை. என் காது சூடாகிப்போனது, ஆனால் வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை.

கேக் வெட்டும் நாள் காலையில் கேட்டருகே நின்றிருந்தேன். எப்போதும் ஓடியே பார்த்துப் பழகிய பிள்ளை, அன்றைக்கு ரப்பர் தோட்டத்துப் பாதையில் அடிமேல் அடி வைத்து நடந்து வந்தாள். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் ஓடையில் பிடித்த கப்பி மீன்கள். பின்னால் ஷீபா, “வீட்டுல இருந்து இப்படித்தான் டீச்சரே. என்னயும் வேகமா நடக்க விடல்ல, தண்ணி ஆடுமாம்” என்றாள்.

பரிசு கொடுக்கும் நேரம். ஜோஷ்னா அனகா முன்னால் ஒரு கை தூரத்தில் நின்றாள். “வரட்டா?” அனகா அவளைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தாள். “வா” என்றாள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள், “தாங்க்ஸ்” என்றாள், தன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஜன்னலோரம் நின்ற ஷீபாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. சாயங்காலம் ஸ்ரீகலா அந்தப் பாட்டிலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, “இனி இத நான் எங்க கொண்டு வைக்க?” என்று முணுமுணுத்தபடி போனாள். டி.சி. பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

லீவு முடிந்து பள்ளி திறந்தது. ஜோஷ்னா வரவில்லை, காய்ச்சல் என்று ஷீபா போனில் சொன்னாள். வகுப்பு அத்தனை அமைதியாக இருந்தது, எனக்கே பிடிக்கவில்லை. அனகா என் மேசைக்கு வந்தாள். “டீச்சர், ஜோஷ்னா?” காய்ச்சல் என்றேன். போனாள், மறுபடியும் வந்தாள். “நாளைக்கு வருவாளா?” மறுநாளும் வரவில்லை. அனகா சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள், உண்ணவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்ரீகலா கேட்டில் என்னைப் பிடித்தாள். டி.சி. பேச்சுதான் வருகிறது என்று நினைத்தேன்.

“டீச்சரே, அந்தப் பிள்ளைக்க வீடு எங்க?”

“எதுக்கு ஸ்ரீகலா?”

“அந்த மீனு குட்டி போட்டிருக்கு. எல்லாம் கடுகு மாதிரி ஓடிக்கிட்டுக் கெடக்கு. அத ஜோஷ்னாக்கிட்ட சொல்லணுமாம். எங்கிட்ட சொன்னா போதாதாம், அவளுக்க அப்பாக்கிட்ட சொன்னா போதாதாம். ரெண்டு நாளா இதே பாட்டு. ஒண்ணு காட்டித் தாங்க, போயிட்டு வாறோம்.”

நானும் கூடவே போனேன். ஷீபா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், ஈரத்துணியோடு முற்றத்தில் நின்றாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் ஸ்ரீகலாவைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, அவ ரெண்டு நாளா ஸ்கூளுக்கே வரல்லியே! காய்ச்சல்ல கெடக்கா. அவ ஒண்ணும் செய்திருக்க மாட்டா அக்கா…”

ஸ்ரீகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஷீபாவின் கையைப் பிடித்தாள்.

“ஒண்ணும் செய்யல்ல ஷீபா. எனக்க மகளுக்கு ஒனக்க மகளப் பாக்கணுமாம்.”

“யாருக்கு?”

“எனக்க மகளுக்கு.”

ஷீபா படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதில் என்ன வெட்கம். இத்தனை வருஷ சர்வீஸில் நான் இவ்வளவு சந்தோஷமாக நின்ற முற்றம் வேறு இல்லை.

அனகா யாரிடமும் கேட்காமல் உள்ளே போயிருந்தாள். கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, எந்த மீன், எப்போது, எத்தனை குட்டி, எது வாலை எப்படி ஆட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வகுப்பில் ஜூன் முதல் அவள் பேசிய மொத்தப் பேச்சும் அந்த அளவுக்கு வராது. ஜோஷ்னா போர்வைக்குள்ளிருந்து கண் கொட்டாமல் கேட்டாள், நடுவில் ஒரு சொல் பேசவில்லை. நான் அசந்துபோனேன். அவள் அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தபோது, “அன்னைக்கு எவ்வளவு பொறுமையா கேட்டா எனக்க பிள்ள!” என்று மெச்சினேன்.

“தொண்ட வலி டீச்சர், அதாக்கும்” என்றாள் ஜோஷ்னா.